காலருக்குள் இருந்த கடுதாசிகள்

1

இந்த வாரம் என் மகள் சரோஜாவுக்கு ஒரு கோட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். புதுத் துணியில் இல்லை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு தோட்டத் துரை விட்டுவிட்டுப் போன கம்பளிக் கோட்டு. அதைப் பிரித்து, சுருக்கி, பெண்பிள்ளை போடுகிற மாதிரி ஆக்க வேண்டும். இலங்கை மலைநாட்டுக் குளிரில் கோட்டு இல்லாமல் காலையில் வாசல் கூட்ட முடியாது. சரோஜா டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். பக்கத்தில் வந்து நின்று பார்த்தவள் சொன்னாள்:

"அம்மா, காலருக்குள்ள அட்டை கிட்டை வச்சிராதீங்க. கடையில கான்வாஸ் விக்கிறாங்க. நான் வாங்கிக்கொண்டு வாறன்."

"ஏன்டி, அட்டை வச்சா என்னவாம்?"

"ஒங்களுக்குத் தெரியாதாக்கும்!" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வாறன் என்கிறாள் பாருங்கள். நான் வாரேன் என்பேன், அவள் வாறன் என்பாள். திருத்திப் பார்த்து அலுத்துப் போய்விட்டது. அது கிடக்கட்டும். காலருக்குள் அட்டை வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். புதுக்கோட்டையிலும் திருமயத்திலும் உட்கார்ந்து இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனால் எழுதுகிறேன்.

2

எங்கள் ஊர் திருமயத்துக்குக் கிழக்கே, கோட்டை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். அங்கே இருந்தவரை, தைத்த துணியைப் பிரித்து வேறு துணி ஆக்குகிற வேலையை நான் பார்த்ததே இல்லை. பிரிக்கத் தைத்த துணி இருந்தால்தானே! ஆத்தா ரவிக்கை போட்டதில்லை. அப்பனுக்கு வேட்டி, துண்டு. அண்ணன் தன் கல்யாணத்துக்குத்தான் முதல்முதலாக ஒரு சட்டை தைத்துப் போட்டார், அதையும் சாயங்காலமே கழற்றிவிட்டார்.

அதற்காகப் பழசு வீணாகப் போனதாக நினைக்கவேண்டாம். சீலை நடுவில் நைந்தால் நீளவாக்கில் கிழித்து, ஓரம் இரண்டையும் உள்ளே கொண்டுவந்து மூட்டிக் கட்டுவார்கள். அதுவும் போனால் பிள்ளைக்குத் தொட்டில். பிறகு அடுப்படிக் கரித்துணி, கடைசியில் விளக்குத் திரி. இதில் எந்த இடத்திலும் அது யார் கட்டின சீலை என்று துணியைப் பார்த்துச் சொல்ல முடியாது. மடித்து வைத்தால் எல்லாச் சீலையும் ஒன்றுதான்.

கோட்டு அப்படியில்லை. அது போட்டவனை விடவே விடாது. முழங்கை இருந்த இடத்தில் முழங்கை மாதிரியே புடைத்துக்கொண்டு இருக்கும். இதைக் கடல் தாண்டி வந்துதான் கண்டுபிடித்தேன்.

3

என் வீட்டுக்காரருக்கு இங்கே ஒரு பலசரக்குக் கடையில் வேலை. வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுக்கொடுத்த வருஷம் நாங்கள் கடைக்குப் பின்னால் இருந்த அறைக்குக் குடி மாறினோம். துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏற ஆரம்பித்த சமயம் அது. கடைக்குச் சாமான் வாங்க வருகிற பங்களாச் சமையல்காரர் ஒருவர் ஒருநாள் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். எல்லாம் துரை விட்டுப்போன உடுப்பு. மாற்றாக எங்களிடம் அரிசியும் மிளகாய் மல்லியும் வாங்கிக்கொண்டு போனார்.

"இந்தா புள்ள, இத வச்சு என்னமாச்சும் செய்ய முடியுமா பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

என்ன செய்வது? முதல் கோட்டைத் தரையில் விரித்துப் போட்டு, ஒரு பக்கமாகத் தையலைப் பிரிக்க ஆரம்பித்தேன். தைக்கவேண்டும் என்பதைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசைதான் அதிகம். அடேயப்பா! ஒரு கைக்கே மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு. மார்புக்குள் குதிரை மயிர் மாதிரி ஒரு முரட்டுத் துணி. தோளுக்குள் பஞ்சு. பைக்குள் ஒரு பல்குத்தும் குச்சி, உலர்ந்து போன ஓர் இலை. அந்த இலையை எதற்கு வைத்திருந்தாரோ மனிதர்!

இடது தோளில் மட்டும் பஞ்சு இரட்டையாக இருந்தது. நாலைந்து நாள் அதை யோசித்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் விளங்கியது. துரைக்கு இடது தோள் இறக்கம். சீமையில் தைத்த தையற்காரன் அதை ஊர் பார்க்காதபடி பஞ்சு வைத்து நிமிர்த்திவிட்டிருக்கிறான். பங்களா வாசலில் அத்தனை பேரை நிற்கவைத்து விரட்டின துரையின் கோணல் தோள், ரேழியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்துபோனது. எனக்கு அப்படி ஒரு சிரிப்பு.

வெளிப்பக்கம் சாயம் போன கோட்டைப் புரட்டித் தைத்தால் உள்பக்கம் புதுசு மாதிரி இருக்கும் என்பதையும் நானாகவே கற்றுக்கொண்டேன். ஆனால் இடது மார்புப் பை வலது பக்கத்துக்குப் போய்விடும். அதற்கு மருந்தே கிடையாது.

காலர்தான் என்னை ரொம்பவும் சோதித்தது. உள்ளே இருந்த விறைப்புத் துணியைப் பூச்சி அரித்திருந்தது. அதை எடுத்துவிட்டுத் தைத்தால் காலர் வாடின வாழையிலையாகத் தொங்கியது. எதையாவது உள்ளே வைக்கவேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுவரில் கடுதாசிக் கம்பி தொங்கியது.

நம் வீடுகளில் இல்லாத கம்பியா! வளைந்த கம்பியில் ஒரு கட்டையைக் கோத்து, வந்த கடுதாசி எல்லாவற்றையும் நடுவயிற்றில் குத்தி மாட்டிவைப்போமே, அதுதான். திருமயத்திலிருந்து அண்ணன் என் பெயருக்கு மாதம் ஒரு போஸ்ட் கார்டு போடுவார். ஆத்தாவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வந்தவை எல்லாம் அந்தக் கம்பியில் இருந்தன. அடியில் இருப்பவை பழசு, படித்து முடித்த சங்கதி. மேலே இருப்பவைதான் வேண்டியவை என்று நினைத்தேன். அடியிலிருந்து இரண்டு கார்டை உருவினேன். மூலையை வளைவாகக் கத்தரித்து, தலைக்குத் தலை சேர்த்துக் காலருக்குள் வைத்து மூட்டினேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. காலர் போலீஸ்காரன் காலர் மாதிரி நின்றது.

அப்புறம் என்ன! மூட்டை மூட்டையாக வந்தது, நானும் தைத்தேன். ஒன்று பாண் போடுகிற பியசேனவுக்கு. பாண் என்றால் இங்கே ரொட்டி. ஒன்று என் வீட்டுக்காரருக்கு. ஒன்றை ஊருக்கு வந்தபோது அண்ணனுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். மற்றவை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் யார் யாரோ வாங்கிப் போனார்கள். கம்பியின் அடிப்பாகம் காலியாகிக்கொண்டே வந்தது.

4

இதற்குள் பிரஜா உரிமைச் சட்டம் வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்த நாட்டுப் பிரஜையாக வேண்டுமென்றால் மனுப் போடவேண்டும். யுத்த காலத்து வருஷங்கள் முழுக்க இங்கேயே குடியிருந்தோம் என்று வருஷத்துக்கு ஓர் அத்தாட்சியாவது காட்டவேண்டும். காட்டாவிட்டால் இன்றில்லாவிட்டால் நாளை மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் எங்களுக்கு நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. இவருக்குத் தெரிந்த தொழில் இந்தக் கடைத் தொழில் ஒன்றுதான். சரோஜா இங்கேதான் பிறந்தாள், இங்கேதான் படித்தாள். போனால் மூன்று பேரும் எங்கே போய் நிற்பது?

மனுவில் பிறந்த நாடு என்று ஒரு கட்டம். இவர் மணிமணியான எழுத்தில் "புதுக்கோட்டை சமஸ்தானம்" என்று எழுதிவிட்டார். நாங்கள் பிறந்தபோது அதுதானே எங்கள் நாடு! கந்தோரில் இருந்தவர்கள் படம் எல்லாம் விரித்துத் தேடியிருக்கிறார்கள். இங்கே ஆபீசைக் கந்தோர் என்பார்கள். "இப்படி ஒரு நாடு இல்லையே" என்றார்களாம். "இருந்துச்சுங்க, இந்தியாவோட சேத்துட்டாக" என்று இவர் சொல்ல, அதற்கு ஒரு விளக்கம் தனியாக எழுதித் தரச்சொன்னார்கள். மனு அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்து, நாலைந்து வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது.

விசாரணைக்கு முந்திக் காகிதங்களைச் சரிபார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர். நல்ல மனிதர், பொறுமைசாலி. என் வீட்டுக்காரருடைய காகிதம் எல்லாம் கடைப் பதிவேட்டில் இருந்ததால் சிக்கல் இல்லை.

"ஐயான்ர எல்லாம் சரி. அம்மான்ர அத்தாட்சி எங்க?" என்றார்.

"அவ என்கூடத்தாங்க இருந்தா. பொண்டாட்டி வேற எங்கிட்டுப் போவா?" என்றார் இவர்.

"அது எனக்கு விளங்குது. கந்தோருக்கு விளங்காதே. யுத்த நேரம் ஊருக்குப் போன கன பெண்டுகள் திரும்பி வர அனுமதி கிடையாமல் அங்கயே நிண்டுவிட்டினம். அந்த வருசங்களைத்தான் துருவிக் கேப்பினம். உங்கட பேரில கடிதம், கிடிதம் ஒண்டும் இல்லையோ? தபால் முத்திரையில திகதி இருந்தால் காணும்." திகதி என்றால் தேதி, காணும் என்றால் போதும்.

சரோஜா பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு ஒரு வருஷத்துக்கு ஆயிற்று. அம்மை குத்தினது, அரிசிக் கூப்பன் புத்தகம் என்று மற்றவற்றுக்கும் கிடைத்தது. யுத்தத்தின் நடுவில் இரண்டு வருஷத்துக்கு மட்டும் என் பெயரில் ஒன்றுமே இல்லை. பெண்பிள்ளைக்கு எந்தக் கடையில் பதிவேடு? உலகத்தில் என் பெயர் எழுதின காகிதம் என்றால் அண்ணன் போட்ட போஸ்ட் கார்டுகள்தான்.

அவற்றை நான் ஊரார் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தேன்.

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "கம்பியில அந்த வருசத்துக் கடுதாசி இருக்குமே?"

சொன்னேன். மனிதர் நடுரோட்டில் நின்றுவிட்டார்.

"நல்லா இருக்கு போ! அட்டைக்கா பஞ்சம்? கடையில பெட்டி பெட்டியாக் கெடக்கு. அதுல ஒண்ணக் கிழிக்க ஒனக்குக் கை வரலியா?"

பெட்டி அட்டை தடிமன், வளையாது என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு அதைச் சொன்னால் அடி விழாத குறையாகத்தான் இருந்திருக்கும்.

5

மறுநாளே பாண் கடைக்குப் போனேன். எனக்குச் சிங்களம் சாமான் விலைக்கு மேல் வராது. சரோஜாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு, அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. அவள் பேசப் பேச நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பெற்ற தாய் சொல்வதை மகள் ஊராருக்கு விளக்கிச் சொல்கிற காலம் வந்துவிட்டது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பியசேன முதலில் பயந்துவிட்டான், கோட்டைத் திருப்பிக் கேட்கிறேன் என்று. காலரை மட்டும் பிரிக்கவேண்டும் என்றதும் கழற்றிக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையில் நடுங்கிக்கொண்டு நின்றான். இடது தோள் இரட்டைப் பஞ்சு வைத்த துரைக் கோட்டு அதுதான். நேரான தோள்காரன் அவன், எட்டு வருஷமாக ஒரு பக்கம் தூக்கிக்கொண்டே நடந்திருக்கிறான்.

கத்தரி நுனியால் பிரித்தேன். இரண்டு கார்டும் வந்தன. மாவும் வியர்வையுமாக ஒரு வாடை. ஒன்றில் எழுத்தே இல்லை, மழை ஈரத்தில் கரைந்து நீலமாகப் படர்ந்திருந்தது. ஆனால் தபால் முத்திரைக் கறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. ஆசையாக எழுதின எழுத்து அழிந்துபோகிறது, ஆபீஸில் குத்தின குத்து நிற்கிறது. இதெல்லாம் எந்த மையில் செய்கிறார்களோ! திகதியைப் பார்த்தேன், வேண்டாத வருஷம். இரண்டாவது கார்டு வேண்டிய இரண்டு வருஷத்தில் ஒன்று. திருமயம் முத்திரை ஒரு பக்கம், இந்த ஊர் முத்திரை மறுபக்கம், நடுவில் என் பெயர். சரோஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

பியசேன என்னவோ கேட்டான்.

"இத்தனை வருசமா அவர்ட கழுத்தில இருந்தது என்னண்டு கேக்கிறாரம்மா" என்றாள் சரோஜா.

நியாயம்தானே? படித்துக் காட்டினேன். மழை இல்லை, கண்மாய் வற்றிவிட்டது, செவலைக் காளைக்குக் கால் வீங்கியிருக்கிறது, ஆத்தா உன்னை விசாரிக்கச் சொன்னாள். சரோஜா அதைச் சிங்களத்தில் சொன்னாள். பியசேன முகம் வாடிப்போய்விட்டது. காளைக்குக் கால் குணமாயிற்றா என்று கேட்டான். அதை விற்று ஒரு மாமாங்கம் ஆகிறது என்று எப்படிச் சொல்வது? குணமாகிவிட்டது என்று சொல்லச் சொன்னேன். கேக்குப் பெட்டி அட்டை ஒன்றைக் கத்தரித்து அவன் காலரை மறுபடி தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

6

இன்னும் ஒரு வருஷம் பாக்கி. சந்தையில் விற்ற கோட்டுகளை எங்கே போய்த் தேடுவது? இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் நின்று, கோட்டுப் போட்டவர்கள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருத்தர், "என்னம்மா, தெரிஞ்ச முகமா?" என்று கேட்டுவிட்டார். மானம் போயிற்று. ஒரு கோட்டும் அகப்படவில்லை.

அண்ணனுக்கு விமானத் தபாலில் எழுதினேன். கோட்டுக் காலரைப் பிரித்து உள்ளே இருப்பதை உடனே அனுப்பவும், தலை போகிற காரியம் என்று. பதில் ஒரு கவரில் வந்தது.

"தங்கச்சி அழகம்மாளுக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. இவ்விடம் அனைவரும் சுகம். நீ சொன்னபடி கோட்டைப் பிரித்தேன். பிரித்துப் பார்த்தால் என் கையெழுத்து. ராந்தல் வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆத்தா சொல்லச் சொல்ல எழுதினேன். அதை நீ அட்டைக்கு வைத்துத் தைத்து, எனக்கே கொண்டுவந்து போட்டுவிட்டாய். நான் அதைப் போட்டுக்கொண்டு மார்கழியில் கிணற்றுக்குப் போவேன், எல்லாரும் தொரை வாராரு என்பார்கள். எனக்கு என்ன தெரியும்? உன் அண்ணி நாலு நாளாகச் சிரிக்கிறாள். இனிமேல் கடுதாசி போடுவதாக உத்தேசமில்லை. கார்டுகளை அனுப்பியுள்ளேன். காரியம் ஜெயமாக."

போடமாட்டேன் என்று எழுதுவதற்கே ஒரு கடுதாசி! சிரித்துக்கொண்டே கார்டுகளைத் திருப்பினேன். சிரிப்பு நின்றுவிட்டது. ஒன்று வேறு வருஷம். மற்றது வேண்டிய வருஷம்தான். ஆத்தாவின் கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது என்று எழுதியிருந்ததை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் முத்திரை விழுந்திருந்த மூலையைக் காலர் வளைவுக்காக நானே கத்தரித்துத் தூரப் போட்டிருந்தேன். கந்தோருக்கு அது வெறும் அட்டை.

விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது.

7

இன்னொரு கார்டு இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். அதைச் சொல்லாமல் இருக்கத்தான் பாண் கடைக்கும் சந்தைக்கும் திருமயத்துக்கும் ஓடினேன்.

ஆத்தா செத்த கடுதாசி. அந்த வருஷம்தான் வந்தது. மூலையில் கறுப்பு மை தொட்டு, மூன்றே வரி. யுத்த நேரம், தபால் எங்கெங்கோ கிடந்து வந்து சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது. துக்கக் கடுதாசியை நாம் வீட்டுக்குள் வைக்கமாட்டோம். வாசலிலேயே படித்துவிட்டு, கிழித்துப் போட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவோம். இவர் வாசலில் நின்று படித்தார். என் கையில் கொடுத்து, "கிழிச்சுப் போட்டுட்டுக் குளி" என்றார்.

எனக்குக் கிழிக்கக் கை வரவில்லை. ஆத்தா முகத்தையும் பார்க்கவில்லை, பாடையையும் பார்க்கவில்லை. அவள் செத்ததற்கு என்னிடம் இருந்தது அந்த மூன்று வரிதான். டிரங்குப் பெட்டியில் அடிக் காகிதத்துக்குக் கீழே வைத்துவிட்டேன். குடி மாறின பிறகு ஒருநாள், பெட்டியை இவர்தான் எடுத்துக் கொட்டி அடுக்கப்போகிறார் என்று தெரிந்தது. அன்றைக்கு என் மடியில் இருந்தது இவருடைய கோட்டு. இந்த வீட்டில் விற்காத கோட்டு அது ஒன்றுதான். மூலையைக் கூடக் கத்தரிக்காமல் முழுசாக உள்ளே வைத்துத் தைத்தேன். அதனால் இவர் காலர் மட்டும் ஒரு விரல் அகலம் கூட.

துக்கக் கடுதாசியைக் கட்டின புருஷன் கழுத்தில் தைத்து வைத்தவளை என்ன சொல்வீர்கள்? இவருக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கத்தரியை எடுத்துக்கொண்டு போவேன். காய்ச்சல் இறங்கிவிடும், நானும் கத்தரியை வைத்துவிடுவேன். அடுத்தடுத்து இப்படி நடந்ததும் எனக்கே ஓர் ஐயம் வந்துவிட்டது, உண்மையிலேயே அது ஏதாவது செய்யுமா என்று. ஒன்றும் செய்யவில்லை. அதற்காகச் சொல்லிவிட முடியுமா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன்.

"ஒங்க கோட்டுக் காலருல ஒரு கார்டு இருக்கு. அந்த வருசத்துதுதான்."

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன? பிரி" என்றார்.

"அது ஆத்தாவோட காரியக் கடுதாசி."

சாப்பிட்ட கை அப்படியே நின்றது. "கிழிச்சுட்டேன்னியே."

"கிழிக்கல."

"இத்தன வருசமா என் கழுத்துலயா வச்சிருந்தே?"

"ஆமாங்க."

எழுந்து கையைக் கழுவினார். ஆணியில் மாட்டியிருந்த கோட்டைப் பார்த்தார், தொடவில்லை. திட்டுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று நின்றேன். அவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு பின்பக்கம் போனார். தொட்டித் தண்ணீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்தத் தண்ணீர் இங்கே கையில் பட்டாலே விரல் மரத்துப்போகும். நடுங்கிக்கொண்டே திரும்பி வந்து, "நீயும் போய்த் தலைக்கு ஊத்திக்க. பெறகு பிரி" என்றார். பல் கிட்டிப்போய் வார்த்தை சரியாக வரவில்லை.

சரோஜா ஓடிவந்தாள். "யாரம்மா செத்தது?"

"ஆத்தா" என்றேன். "ஒங்க அம்மாயி."

"அவ செத்து எவ்வளவு காலம்! ஒரு கார்டுதானே, அதுக்கா ரெண்டு பேரும் இந்தக் குளிருல குளிக்கிறீங்க?" என்றாள். அவள் மேல் தப்பில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் ஆத்தா செத்த மாதிரி இருந்தது. ஈரத் தலையோடு உட்கார்ந்து அந்தக் காலரைப் பிரித்தேன். நூல் எல்லாம் நான் போட்டபடியே இருந்தது. அழுதுகொண்டே பிரித்தேன்.

8

பிரஜா உரிமை கிடைத்தது. மூன்று பேருக்கும் கிடைத்தது. அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். எப்படிக் கிடைத்தது என்பதுதான் சொல்ல வேண்டியது.

விசாரணை அன்று பெரிய மேசைக்குப் பின்னால் அதிகாரி ஒருவர், அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் அதே கிளாக்கர். பியசேன கழுத்திலிருந்து எடுத்த கார்டை அவர் மொழிபெயர்த்தார். கண்மாய், காளை, கால் வீக்கம் எல்லாவற்றையும் அதிகாரி முகம் மாறாமல் கேட்டார். முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஓர் அடையாளம் போட்டார்.

அடுத்த கார்டைக் கையில் வாங்கின கிளாக்கர் மூலையில் இருந்த கறுப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இதை வாசிக்கத்தான் வேணுமோ அம்மா?" என்றார் மெதுவாக.

"வாசிங்க."

வாசித்தார். நம் ஆத்தா வெள்ளிக்கிழமை விடியற்காலம் காலமாகிவிட்டாள். நீ வர வழியில்லை என்று தெரியும். மனதைத் தேற்றிக்கொள்ளவும். அவ்வளவுதான் அதில் இருந்தது. அவர் அதை அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"தாயார் தவறின நேரம் நீங்கள் ஊருக்குப் போனனீங்களோ எண்டு கேக்கிறார்" என்றார் கிளாக்கர்.

இந்தக் கேள்வி எனக்குப் புதுசில்லை. யுத்தம் முடிந்து ஊருக்கு வந்தபோது வண்டியை விட்டு இறங்குமுன் பெரியம்மா கேட்டாள். தண்ணித் துறையில் கேட்டார்கள். ஆத்தா வாயில் பால் ஊற்ற மகள் வரவில்லையே என்று அண்ணி குத்திக் காட்டினாள். ஒவ்வொருத்தருக்கும் நான் வைத்திருந்த சமாதானம் எல்லாம் மனப்பாடம். அதையே ஆரம்பித்தேன்.

"யுத்தங்க. கார்டு வந்து சேரவே பதினாறு நாளைக்கு மேல ஆயிப்போச்சு. போனா திரும்பி வர அனுமதி கெடைக்காதுன்னாக. கைக்கொழந்தைய வேற வச்சுக்கிட்டு…"

"அம்மா" என்று கிளாக்கர் தடுத்தார். "காரணம் வேண்டாம். போனனீங்களோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"போகல" என்றேன்.

கிளாக்கர் சொன்னார். அதிகாரி அதைக் குனிந்து எழுதினார். எழுதி முடித்து, கீழே ஒரு கோடு போட்டு, கார்டை மற்றக் காகிதங்களோடு சேர்த்துக் கோப்பில் கட்டினார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை அசைத்து ஒரு வார்த்தை சொன்னார்.

"என்ன சொல்றாக?" என்று கேட்டேன்.

"நல்லது எண்டு சொல்றார்" என்றார் கிளாக்கர்.

ஆத்தா சாவுக்கு நான் போகாததை ஏன் என்று கேட்காத ஆள் ஊரில் இல்லை. நல்லது என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.